பத்து மீற்றர்

எங்கள் சனம் பிரான்சுக்கு வந்தால், பிரெஞ்சு படிக்க முன்னம் தங்கள் அகதிக் கேஸைப் பாடமாக்கும். எந்த ஆண்டு, எந்த ஊர், எத்தனை பேர் வந்து கதவைத் தட்டினார்கள், எந்தக் கையில் அடித்தார்கள் என்பதெல்லாம் வாய்ப்பாடு போல வரவேண்டும். எண்பத்தேழில் நான் வந்தபோதே அப்படித்தான். என் கேஸில் ஒரு சித்தப்பா இருந்தார். அவரை நான் கண்ணாலும் கண்டதில்லை. அவர் செத்த கதையைச் சொல்லி அழுதுதான் எனக்கு விசா கிடைத்தது. ஆண்டவருக்கு எங்கள் நிலைமை தெரியும், மன்னிப்பார்.

ரூ பிலிப்-து-ஜிராரில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்காரி பேர்ளி என்றால் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் எல்லோருக்கும் தெரியும். வாய் கூடினவள் என்றும் தெரியும். கடைக்குப் பின்னால் ஒரு குசினி, குசினிக்குப் பின்னால் ஓர் அறை. அறைக்கு ஒரு யன்னல் உண்டு, அதைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். கையை நீட்டினால் தொடலாம். அந்த அறையில்தான் 2010 கடைசியிலிருந்து வாமதேவன் அண்ணையும் அவருடைய மகள் தயாளினியும் இருந்தார்கள். நடுவில் ஒரு சீலையை மறைப்பாகக் கட்டி, இந்தப் பக்கம் தகப்பன், அந்தப் பக்கம் மகள்.

தயாவை நான் முதலில் வேலைக்கு வைத்தது ஓரம் அடிக்கத்தான். தையல் நேராகவும் விரைவாகவும் வந்தது.

"எங்கை பிள்ளை பழகினனீ?" என்று கேட்டேன்.

"மண்மூட்டை தைச்சு, அன்ரி. கலியாணச் சீலை கடைசியாத்தான் வெட்டினனான்," என்றாள்.

பங்கருக்கு மண்மூட்டை தைக்கச் சாக்குக் கிடைக்காமல் வன்னிச் சனம் சீலைகளைக் கிழித்துத் தைத்ததென்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் மேசையில் அன்று கிடந்தது ஆருடையதோ முந்நூறு யூரோக் கூறைச்சீலை. அதற்குப் பிறகு நான் அவளிடம் தையலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அவர்களுடைய கதை இதுதான். 2009 மே மாதம், முள்ளிவாய்க்காலில், ஒரு காலை பத்து மணிக்குத் தயா கஞ்சிக்கு வரிசையில் நிற்கப் போனாள். திரும்பி வந்தபோது பங்கர் மூடிக் கிடந்தது. உள்ளே அவளுடைய தாய் வள்ளிநாயகியும், அவளுடைய நாலு வயது மகன் கிருஷிகனும். பத்து நாள் கழித்து அவளுடைய புருசன் வட்டுவாகலில் ஆமியிடம் சரணடைந்தான். பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சண்டை முடிந்து அடைத்து வைத்த முகாமிலிருந்து வெளியே வந்த பிறகும் அவளைத் தேடி வவுனியாவில் இருந்த வீட்டுக்கு மூன்று தரம் ஆட்கள் வந்தார்கள்.

இவ்வளவு உண்மை இருக்கிற கேஸ் எனக்குக் கிடைத்திருந்தால் நான் சித்தப்பாவைத் தேடியிருக்கமாட்டேன். ஆனால் எங்கள் சனத்துக்கு உண்மையின் மேல் நம்பிக்கை இல்லை. கேஸ் எழுதிக் கொடுக்கும் இராஜதுரை மாஸ்டரிடம் தகப்பன் தனியாகப் போய்விட்டார். மாஸ்டர் கோப்பிக் கடையில் இருந்தபடி சொல்லியிருக்கிறார்: "பங்கர் இடிஞ்சதெண்டு எழுதினா விபத்தெண்டு தள்ளிப்போடுவாங்கள் அண்ணை. ஷெல் நேரை மேலை விழுந்ததெண்டு போடுவம்." அண்ணையும் தலையாட்டிவிட்டார். மகளோ விசாரணையில் தான் நம்பியதைச் சொன்னாள்: பக்கத்தில் ஷெல் விழுந்தது, பங்கர் இடிந்தது, மண் மூடியது.

ஒரே வீட்டில் இரண்டு சாவுக்கு இரண்டு கதை. இரண்டு பேருக்கும் நிராகரிப்புக் கடிதம் ஒரே நாளில் வந்தது. மையமான சம்பவத்தில் வாக்குமூலங்கள் ஒத்துப்போகவில்லை என்று எழுதியிருந்தது.

மேன்முறையீடு 2012 பெப்ரவரி பதினாறு, மொந்த்ரோய் நீதிமன்றத்தில். அதிலும் தள்ளினால் பிறகு ஏறுவதற்குப் படி இல்லை. நாட்டைவிட்டுப் போ என்று கடிதம் வரும். தயாவைத் தேடி மூன்று தரம் வந்தவர்கள் நாலாம் தரம் தேடவேண்டி இராது.

எங்களுக்காக வழக்குப் பேசும் அவொக்கா கெட்டிக்காரப் பெட்டை. இரண்டு கதையையும் ஒன்றாகப் பொருத்திவிட்டாள். ஷெல் விழுந்தது பங்கருக்குப் பத்து மீற்றர் தூரத்தில். அந்த அதிர்ச்சியில் பங்கர் இடிந்தது. தகப்பன் மனம் பேதலித்திருந்த நேரத்தில் "மேலே விழுந்தது" என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரும் இதை ஒரே மாதிரிச் சொன்னால் போதும்.

அந்த வருசம் பெப்ரவரியில் பிடித்த குளிர் இன்னும் எனக்கு எலும்பில் இருக்கிறது. மைனஸ் எட்டு, மைனஸ் ஒன்பது. ஆர் அந்தக் குளிரில் பிளவுஸ் தைக்க வருவார்கள்? ஏழு நாள், பின்னேரம் ஐந்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுக் குசினியில் இருந்து கேஸ் பாடமாக்கினோம். தயாதான் நீதவான். நான் மொழிபெயர்ப்பாளர். வாமண்ணை கம்பளித் தொப்பியோடு, கையைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு, புட்டுப் பானைக்குப் பக்கத்தில் இருப்பார்.

"உங்கட தொழில் என்ன?" என்பாள் தயா.

"றெயில்வே. லைன் வேலை. அறுபத்தொன்பதிலையிருந்து தொண்ணூறு மட்டும். கனகராயன்குளம் பகுதி."

"பங்கர் ஆர் கட்டினது?"

"நான்தான்."

"என்னத்தாலை?"

"தண்டவாளத் துண்டு. ஒவ்வொண்டும் ஆறடி. பதினொரு துண்டு."

"எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"தொண்ணூறிலை கோச்சி ஓட்டம் நிண்டுபோச்சு. பிறகு சனம் எல்லாம் கழட்டினது, பங்கருக்கு. நானும் கழட்டினன். பூட்டின ஆளுக்குத்தானே கழட்டத் தெரியும்."

"ஷெல் எவ்வளவு தூரத்திலை விழுந்தது?"

அந்த இடத்தில் அவர் நின்றுவிடுவார். முதல் நாள் மறந்துவிட்டார் என்று நினைத்தோம். இரண்டாம் நாள் தயா விரலை மடக்கிக் காட்டினாள். மூன்றாம் நாள் நான் வாயசைத்துக் காட்டினேன். அவர் எங்களைப் பார்த்துவிட்டு வேறு கதை தொடங்கினார்.

"அந்தக் காலத்திலை கரிக்கோச்சிதான், பேர்ளி. சாமான் கோச்சி. ரெண்டு பக்கமும் காடு. மாங்குளம் தாண்டினா மனுசரைக் காண ஏலாது. நாங்கள் ஏழு பேர் லைனிலை நிண்டு வேலை செய்வம். ட்றைவருக்கு எங்களைத் தெரியும். கோச்சியை மெல்ல விடுவான். எஞ்சினிலை ஒரு குழாய் இருக்கு, அதைத் திறந்தா கொதிதண்ணி சீறிக்கொண்டு வரும். நாங்கள் வாளியைப் பிடிப்பம். வாளிக்கை தேயிலை ஏற்கெனவே போட்டிருக்கும்."

"எஞ்சின் தண்ணியிலை தேத்தண்ணியோ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எண்ணெய் மணம் ஒண்டு இருக்கும். அது இல்லாமல் பிறகு எனக்குத் தேத்தண்ணி இறங்கேல்லை. கரி அள்ளுற சவளிலை மரவள்ளிக் கிழங்கை வைச்சு நெருப்புக்கை ஒருக்கா நீட்டி எடுப்பாங்கள். மேல்தோல் கருகி, உள்ளுக்கை மாவாயிருக்கும். ஒருநாள் யானை ஒண்டு லைனிலை படுத்துப்போச்சு. குட்டி போடுற யானை. ட்றைவர் கூக்காட்டேல்லை. நெருப்பை அமத்திப்போட்டு ரெண்டு மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிண்டவன். அவனுக்குப் பிறகு மேலிடத்திலையிருந்து கடிதம் வந்தது. ஏன் பிந்தினது எண்டு. யானைக்கு வருத்தம் எண்டு எழுதினவன்."

நான் சிரித்துவிட்டேன். தயா சிரிக்கவில்லை.

"அப்பா, பத்து மீற்றர். ரெண்டே ரெண்டு சொல்லு. யானைக் கதைக்குச் சொல்லு வருது, இதுக்கு ஏன் வருகுதில்லை?"

"சொல்லுவன் பிள்ளை."

"எப்ப? என்னை விமானத்திலை ஏத்தினாப் பிறகோ?"

அவர் எழும்பி அறைக்குள் போனார். அறையென்றால் எட்டுக் காலடி. லைன் வேலைக்காரர் காலையில் சுத்தியலும் ஆணி முறுக்கிற சாவியுமாக ஆறு மைல் நடந்து ஒவ்வோர் ஆணியாகத் தட்டிப் பார்ப்பார்களாம். அந்த ஆறு மைலையும் அந்த மனிதர் எட்டுக் காலடிக்குள் நடந்து முடித்தார். நாங்கள் குசினியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தோம். புட்டு ஆறிவிட்டது.

வழக்குக்கு இரண்டு நாள் முன்னம் மத்தியானம் அவரைக் காணவில்லை. எங்கே நிற்பாரென்று எனக்குத் தெரியும். ரிக்கே தெருப் பாலத்தில், கம்பிக்குள்ளால் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே கார் து லெஸ்ட் ஸ்ரேசன் பக்கம் போகிற தண்டவாளங்கள். காற்று கத்தியால் கீறியது. வாயிலிருந்து எனக்கு வசவுதான் வந்தது.

"சன்னி வந்து சாகப்போறியளோ அண்ணை? அங்கை பிள்ளை பதைக்குது."

"இதைப் பாரும் பேர்ளி. கல்லு எவ்வளவு ஆழத்துக்குக் கொட்டியிருக்கிறாங்கள். நானூறு தொன் போனாலும் அசையாது. எல்லாம் கீழைதான் இருக்கு. மேலை இருக்கிறது சும்மா இரும்பு."

"இரும்பை விடுங்கோ. உங்களுக்கு அந்தப் பத்து மீற்றர் ஏன் வாயிலை வருகுதில்லை? உண்மையிலை எத்தினை மீற்றர்? இருபதெண்டா இருபதெண்டு அவொக்காட்டைச் சொல்லுவம். அவளுக்கு என்ன, மாத்தி எழுதுவாள்."

 கீழே ஒரு றெயில் போனது. போனபிறகுதான் பேசினார்.

"தருமபுரத்திலையிருந்து இடம்பெயரேக்கை அந்தப் பதினொரு துண்டையும் விடாமல் கொண்டு திரிஞ்சனான். முதல் உழவு மெசினிலை. எண்ணெய் முடிஞ்சாப் பிறகு சைக்கிளிலை ரெண்டு ரெண்டாக் கட்டி உருட்டினது. எழுபது கிலோ ஒவ்வொண்டும். வள்ளி ஏசுவா. சனம் அரிசி தூக்குது, நீங்கள் இரும்பு தூக்கிறியள் எண்டு. ஆனால் ஒவ்வொரு இடத்திலையும் எங்கட பங்கருக்கைதான் அயல்ச்சனமும் ஓடிவரும். வாமதேவன்ரை பங்கர் விழாது எண்டு சொல்லுவினம்."

அவருடைய கண்ணில் தண்ணீர் வந்தது. குளிருக்கும் அப்படி வரும் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு அவரைக் கையில் பிடித்து இழுத்து வந்தேன். அன்று இன்னும் கொஞ்சம் நின்று கேட்டிருக்கலாம். எனக்குக் காலில் உணர்ச்சி இல்லை, கடை திறந்து கிடந்தது, கேட்கப் பயமாகவும் இருந்தது.

பதினாறாம் திகதி காலை மூவரும் மெத்ரோ எடுத்தோம். நீதிமன்றம் என்றால் நான் பெரிய தூண்களை நினைத்திருந்தேன். அது அலுவலகம் போன்ற கட்டடம். சின்ன அறை, மூன்று நீதவான்மார் ஒரு மேசையில், நடுவில் நரைத்த தலையோடு தலைவி. விசாரணை எவரும் இருந்து பார்க்கலாம் என்றபடியால் நான் பின்கதிரையில் இருந்தேன். மொழிபெயர்க்க வந்தவர் பாண்டிச்சேரிக்காரர், கழுத்துப்பட்டி கட்டிய சாந்தமான மனிதர்.

தயா முதலில் பேசினாள். ஒரு பிழை இல்லை. கஞ்சி வரிசை, புகை, திரும்பி ஓடியது, பத்து மீற்றர். அவொக்கா பேனையை மூடி வைத்ததைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது.

பிறகு வாமண்ணை. தலைவி கடதாசியைப் புரட்டிவிட்டு, நாங்கள் ஏழு நாளும் நினைக்காத கேள்வியைக் கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்:

"ஐயா, நீங்க ரயில்வேயில இருபத்தொரு வருஷம் வேலை பார்த்ததா சொல்லியிருக்கீங்க. ஒரு தண்டவாளம் எப்படிப் போடுவாங்கன்னு அம்மா கேக்கிறாங்க. விளக்கமா சொல்லுங்க."

அந்த மனிதர் நிமிர்ந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஒரு வருசத்துக்கு மேல் என் வீட்டில் கூனிக்கொண்டு இருந்தவர், முதுகு நேராக எழும்பி நின்றார். மேசையில் இரண்டு கையையும் வைத்தார்.

"முதல் நிலம், தம்பி. நிலத்தை இறுக்கோணும். குத்திக் குத்தி இறுக்கோணும். பிறகு சல்லிக்கல்லு, கூர் உள்ள கல்லு, உருண்டைக் கல்லுச் சரிவராது. அதுக்கு மேலை சிலிப்பர்க் கட்டை. அதுக்கு மேலைதான் தண்டவாளம். வெயிலுக்கு இரும்பு நீளும், அதுக்கு நுனியிலை இடைவெளி விடோணும். கனகராயன்குளத்திலை மத்தியானத்துக்கு ஒரு விரல் போற இடைவெளி விடிய ரெண்டு விரல் போகும்."

மொழிபெயர்ப்பாளர் சில சொல்லுக்குத் தடுமாறினார். அண்ணை கையால் காட்டிக் கொடுத்தார். மூன்று நீதவான்மாரும் எழுதினார்கள். தலைவி முகம் இளகி, இன்னொன்று கேட்டாள்.

"இறுக்காத நிலத்துல போட்டா என்ன ஆகும்னு கேக்கிறாங்க."

"இரும்பு இறங்கும். அதின்ரை பாரமே அதை இறக்கும். மணலிலை ஒருநாளும் போடப்படாது. சேர்ந்த முதல் நாளே அதைத்தான் சொல்லித்தருவினம்."

"முள்ளிவாய்க்கால்ல உங்க பங்கர் எந்த நிலத்துல இருந்துச்சு?"

அவர் மேசையில் வைத்திருந்த கைகளை எடுத்துவிட்டார். அவொக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"மணல்," என்றார்.

தலைவி கடதாசியைப் பார்த்துக் கேட்டாள். எனக்குப் பிரெஞ்சு தெரியும், கேள்வி தமிழில் வரமுன்னமே விளங்கிவிட்டது.

"ஷெல் பங்கர்ல இருந்து எவ்வளவு தூரத்துல விழுந்துச்சு, ஐயா?"

அவர் திரும்பித் தயாவைப் பார்த்தார். அவள் பத்து விரலையும் மடியில் விரித்து வைத்திருந்தாள்.

"ஷெல் விழேல்லை, தம்பி," என்றார் வாமண்ணை. "அண்டைக்குக் காலமை எங்கட பக்கம் ஒண்டும் விழேல்லை. முதல் நாள் அயலிலை விழுந்தது. எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. எட்டுத் துண்டுதான் மேலை போட்டிருந்தனான், எட்டுத்தான் அந்த மணல் தாங்கும். கிடந்த மூண்டையும் ஏத்தினன். பிள்ளை கஞ்சிக்குப் போனாப் பிறகு ஏத்தினன். மூண்டாவதை வைக்கேக்கை மணல் வழுகிச்சுது. உள்ளுக்கை ரெண்டு பேரும் இருந்தவை. எழும்பி வெளியிலை வாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு ஏத்தியிருக்கலாம். சொல்லேல்லை. மகளுக்கு இது தெரியாது. நான் சொல்லேல்லை. அவ ஷெல் எண்டு நினைச்சா, நானும் விட்டிட்டன்."

அந்த அறையில் அப்போது தமிழ் விளங்கியது நாலு பேருக்குத்தான். நீதவான்மார் பேனையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சு வருமென்று காத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் குறிப்பெடுத்த பேனையை நிறுத்திவிட்டார்.

தயா எழும்பவில்லை, அழவில்லை. மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணை, அதைச் சொல்லாதேங்கோ."

"எல்லாத்தையும் சொல்லியாகணும்மா. அதுதான் என் வேலை."

"அப்பாவுக்குச் சுகமில்லை எண்டு சொல்லுங்கோ."

"சொல்லுங்கோ தம்பி," என்றார் வாமண்ணை. "ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் சொன்னார்.  கிட்டத்தட்ட மூன்று வருசம் வாமண்ணை தனியே சுமந்தது ஒன்றரை நிமிசத்தில் முடிந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. ஆரிடம் என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது தயா வேறு பெட்டியில் ஏறினாள்.

முடிவு வர மூன்று கிழமை என்றார்கள். அந்த மூன்று கிழமையும் அவள் தகப்பனோடு பேசவில்லை. சமைத்தாள், அவருடைய உடுப்பைத் தோய்த்தாள், மருந்துக் குளிசையை எடுத்து வைத்தாள். பேச்சு மட்டும் என் வழியாக. "அன்ரி, சாப்பாடு ஆறப்போகுதெண்டு சொல்லுங்கோ." மூன்றடி தூரத்தில் இருக்கிற மனிதருக்கு நான் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அவர் "ஓம் பேர்ளி" என்று எனக்குப் பதில் சொல்வார். கோபித்துக்கொண்டு போய் இருக்க இன்னோர் அறை இல்லை. வெளியே போய்க் காற்று வாங்கினால் பொலிஸ் பேப்பர் கேட்பான். நடுவில் தொங்கிய சீலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு பேரும் மூச்சு விடுவது எனக்குக் கடை வரைக்கும் கேட்பதுபோல இருந்தது. சண்டை பிடித்தாலாவது நல்லது என்று மாதாவிடம் கேட்டேன்.

மார்ச்சில் அவொக்கா தொலைபேசி எடுத்தாள். இரண்டு பேருக்கும் கிடைத்துவிட்டது. பத்து வருச வதிவிடக் காட். தனக்குப் பாதகமான ஒன்றை ஒருவர் இப்படிச் சொல்லமாட்டார், ஆகவே மற்றதையும் நம்புகிறோம் என்று தீர்ப்பில் இருந்ததாம். தயாவின் புருசன் சரணடைந்ததையும், தேடி வந்தவர்களையும் நம்பினார்களாம். பத்து மீற்றரைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் கேட்டேன். தெரியாது என்றாள்.

நான் ஓடிப்போய்க் கேக் வாங்கி வந்தேன். குசினி மேசையில் வைத்தேன். ஒருவரும் வெட்டவில்லை.

"இனி நீ விரும்பின இடத்துக்குப் போகலாம் பிள்ளை," என்றேன். "ஆர்ஜொந்தெயிலை உன்ரை சிநேகிதி கூப்பிட்டவளெல்லோ. போய்க் கொஞ்ச நாள் இரன்."

"எங்கை போனாலும் இதுதானே அன்ரி," என்றாள்.

வாமண்ணை புட்டுப் பானைக்குப் பக்கத்தில் இருந்தார். தயா அவருக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"அப்பா."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"நீங்கள் அந்த மூண்டாவது துண்டை வைக்கேக்கை, கிருஷி முழிச்சிருந்தவனோ?"

"நித்திரை," என்றார். "நித்திரை பிள்ளை. அம்மம்மான்ரை மடியிலை நல்ல நித்திரை. அவவும் கண்ணயர்ந்திட்டா."

காலை பத்து மணிக்குப் பசியோடு கிடக்கிற நாலு வயதுப் பிள்ளை எங்கே நித்திரை கொள்ளும்? தாய் கஞ்சி கொண்டு வருவாள் என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளை பெறாத எனக்கே அது தெரியும். பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் தகப்பனின் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவர் கண்ணை எடுக்கவில்லை.

"ஓம்," என்றாள் தயா. அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அதுதான் அப்பா. இனி ஆர் கேட்டாலும், நானே கேட்டாலும், அதைத்தான் சொல்லோணும்."